ஈரத்துணி விசாரணை

என் மேசையை மட்டும் ஏன் அப்படி அழுத்தித் துடைத்தாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அம்மா பதில் சொல்லிவிடுவாள். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் என்றாலும் அதை அவள் வாயால் கேட்டுவிட்டால் அப்புறம் இந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது.

சரண்யாதேவி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் பள்ளி அலுவலகத்தின் மடிக்கணினி திறந்திருந்தது. கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில், அவள் கை வைக்காமலே, கரும்புள்ளிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. மூடித் திறந்தாள். மறுபடியும் புள்ளிகள். ஒரு விசையை அழுத்தினால் உள்ளே போனது, மேலே வரவில்லை. நகத்தால் நெம்பினாள். விசைக்கு அடியிலிருந்து எலுமிச்சை வாசம் வந்தது.

அந்த வாசம் கே.கே. நகரில் இருந்த அந்தப் பள்ளி முழுவதும் பரவியிருந்தது. நிர்வாகம் அந்த வருடம் தூய்மை மேன்மைச் சான்றிதழ் வாங்குவது என்று முடிவு செய்திருந்தது. அதை வழங்குகிற குழு சென்னையிலிருந்து வரப்போகிறது. தாளாளர் லாசர் தினமும் காலையில் சட்டைப்பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தார். ஜன்னல் கம்பியைத் துடைத்துப் பார்த்தார். மின்விசிறி இறக்கையை, உலக உருண்டையை, ஒருமுறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் காதுக்குப் பின்புறத்தைத் துடைத்துப் பார்த்தார். அழுக்கான கைக்குட்டைகள் வகுப்பின் பெயரோடு அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டன. சாக்பீஸ் தூசியைக் கிளப்புகிறது என்பதால் கரும்பலகையில் எழுதுவது நிறுத்தப்பட்டது. கணக்கு டீச்சர் பின்னங்களைக் காற்றில் விரலால் போட்டுக் காட்டினார். நூலகம் பூட்டப்பட்டது, பிள்ளைகள் தொட்டால் புத்தகம் அழுக்காகும் என்று. பள்ளி அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று தலைமையாசிரியை அற்புதமேரி காலைக் கூட்டத்தில் கண் கலங்கச் சொன்னார்.

ஒரு சுற்றறிக்கையும் வந்தது. தாளாளர் நின்றபடியே சொல்ல, சரண்யாதேவி அடித்தாள். ‘மேசைகளும் மேசை மேல் உள்ள சகல பொருட்களும் ஈரத்துணியால் துடைக்கப்பட வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.’ எழுதப் படிக்கத் தெரியாத துப்புரவு ஊழியருக்கு அதை வாசித்துக் காட்டும் பொறுப்பும் அவளுக்கே தரப்பட்டது. அந்த ஊழியர் அவளுடைய அம்மா.

தங்கப்பொண்ணு குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். மகள் வாசித்ததை நின்று கேட்டாள். சகலமுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். ஆமாம்மா, சகலமும்தான் என்று சரண்யாதேவி சொன்னாள். அதற்கு மேல் அந்தக் காகிதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. சாயங்காலம் சேர்ந்து பஸ் ஏறி திருவாதவூர் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களைப் பள்ளியில் தெரியாதவர் கிடையாது. தங்கப்பொண்ணு அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த இடத்தில் தானும் துடைப்பத்தைப் பிடித்தாள். மகள் அங்கேயே படித்தாள், கல்லூரி முடித்துவிட்டு அங்கேயே அலுவலக உதவியாளராக வந்தாள். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் தாளாளர் இருவரையும் மேடைக்கு அழைத்து, ஒளி விழும் இடத்தில் நிறுத்தி, பெற்றோர்களைப் பார்த்துப் பேசுவார்.

“தொடப்பம் பிடிச்ச குடும்பத்துல கம்ப்யூட்டர் பிடிக்கிற கை வந்துருக்குன்னா அது யாரால? நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க.”

பெற்றோர்கள் கைதட்டுவார்கள். தங்கப்பொண்ணு கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கைதட்டல் முடிந்ததும் மேடையைக் கூட்ட வேண்டியது அவள்தான்.

மடிக்கணினி கெட்டுப்போனது என்று சரண்யாதேவி சொன்னதும் கணினி ஆசிரியர் ஜூடுதான் முதலில் வந்து பார்த்தார். நல்ல மனிதர். உடனே அணைத்து, திறந்த நிலையிலேயே மேசை மேல் கவிழ்த்து வைத்தார். உள்ளே போன தண்ணீர் வடிந்து காயட்டும், காய்கிற வரை யாரும் ஆன் பண்ண வேண்டாம், அப்படியும் சரியாகாவிட்டால் டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கொடுத்தால் கீபோர்டை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்கள் என்றார். எல்லாம் ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

மதியம் அற்புதமேரி அந்த வழியாக வந்தார். மேசை மேல் ஒரு பொருள் கவிழ்ந்து கிடப்பது ஒழுங்கீனமாகத் தெரியும் என்று அதை நிமிர்த்தி வைத்தார். ஜூடு கவிழ்த்தார். அற்புதமேரி நிமிர்த்தினார். மாலையில் தாளாளர் வந்து, இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக ஆன் செய்தார். உள்ளே ஏதோ பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டது.

ஈரத்தை அரிசி இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள். விடுதியின் அரிசி டிரம்மில் வைப்பதற்கு அனுமதி கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. அரிசி மாணவர்களுக்கானது, பயன்படுத்திய அரிசியைக் குறைவில்லாமல் திருப்பித் தருவதாக உறுதி தந்தால் சம்மதம் என்று விடுதிக் காப்பாளரிடமிருந்து பதில் வந்தது. வைத்தார்கள். எடுத்தபோது மடிக்கணினியை ஆட்டினால் கலகலவென்றது. உள்ளே புகுந்த அரிசியை விடுதிக்குத் திருப்புவது எப்படி என்று அடுத்த கடிதம் வந்தது. சரண்யாதேவி இந்தக் கடிதங்களுக்கெல்லாம் கையாலேயே பதில் எழுதினாள். மறுநாள் காலைக் கூட்டத்தில் மடிக்கணினிக்காக ஒரு நிமிட மௌன ஜெபம் நடந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகவும் வேண்டிக்கொண்டாள். அது பிழைத்துவிட்டால் அம்மா தப்பித்துவிடுவாள் என்று நினைத்தாள்.

அது பிழைக்கவும் செய்தது. ஜூடு கணினி அறையிலிருந்து ஒரு தனிக் கீபோர்டைக் கொண்டுவந்து செருகினார். மடிக்கணினியின் சொந்த விசைகள் மட்டும்தான் செத்துப் போயிருந்தன, மற்றதெல்லாம் வேலை செய்தது. அலுவலகத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். சரண்யாதேவி குழாயடிக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லவேளை என்றாள். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் சாய்ந்து தூங்கினாள்.

ஆனால் சான்றிதழ்க் குழுவின் வழிகாட்டி நூலில் சம்பவம் என்று ஒரு பகுதி இருந்தது. பள்ளியில் தூய்மை தொடர்பாக நடந்த குறைபாடு, அதற்குப் பொறுப்பான நபர், எடுக்கப்பட்ட நடவடிக்கை. மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. தாளாளர் அதை ஆசிரியர்களுக்கு விளக்கினார்.

“சம்பவமே இல்லாத ஸ்கூல்னா அவங்க நம்ப மாட்டாங்க. மறைக்கிறோம்னு நினைப்பாங்க. நமக்கு இது கடவுள் குடுத்த சம்பவம். வீணாக்கக் கூடாது.”

விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் தாளாளர், உறுப்பினர் தலைமையாசிரியை, தொழில்நுட்ப வல்லுநர் ஜூடு. குறிப்பு எடுத்துத் தட்டச்சு செய்ய சரண்யாதேவி. ஜூடு தயங்கித் தயங்கி, அம்மா மேல் நடக்கிற விசாரணையை மகளையே அடிக்கச் சொல்வது சரியாக இருக்குமா என்று கேட்டார்.

“அதுலதான சார் இருக்கு நம்ம பெருமை. அம்மா கேச மகளே டைப் பண்றா. இதுக்கு மேல டிரான்ஸ்பரன்சிக்கு என்ன சாட்சி வேணும்?” என்றார் தாளாளர். ஜூடு தரையைப் பார்த்தார். அதன் பிறகு அவர் அதிகமும் தரையைத்தான் பார்த்தார்.

பொறுப்பான நபர் என்று பெயர் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பது சரண்யாதேவிக்குத் தெரியும். அம்மாவுக்கு வேலை போய்விடும். பொருளை நாசம் செய்தவள் என்று ஒரு பள்ளி எழுதி அனுப்பியவளை வேறு எந்தப் பள்ளியும் வாசலில் நிற்க வைத்துக்கூடப் பேசாது. அதைவிட, அம்மா அதை நம்பிவிடுவாள். காகிதத்தில் இருப்பது எதுவானாலும் நம்புகிறவள் அவள். தான் கெட்டவள் என்று யாராவது எழுதி வாசித்துக் காட்டினால், சரி என்று தலையாட்டிவிட்டு ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள்.

விசாரணை தலைமையாசிரியையின் அறையில் ஜெபத்தோடு தொடங்கியது. தொடர்ந்து வரவேற்புரை. அறையை இவ்வளவு பளிச்சென்று வைத்திருந்த ஊழியருக்கு அற்புதமேரி நன்றி சொன்னார். அந்த ஊழியர் கதவோரம் நின்றிருந்தாள்.

ஆதாரமாக ஒரு பாலிதீன் பையில் துடைத்த துணி வைக்கப்பட்டிருந்தது. தாளாளர் அதை வெளியே எடுத்துத் தன் கைக்குட்டையை அதன் மேல் ஒற்றிப் பார்த்தார். துணி காய்ந்திருந்தது. ஈரத்துணி பற்றிய விசாரணையில் காய்ந்த துணியை வைத்துக்கொண்டு எப்படி முடிவுக்கு வருவது என்று சங்கடமாகக் கேட்டார். அற்புதமேரிக்கு உடனே வழி தோன்றியது. தங்கப்பொண்ணுவிடம் துணியைக் கொடுத்து நனைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

“எம்புட்டுத் தண்ணி டீச்சர்?”

“அன்னைக்கி எம்புட்டோ அம்புட்டு.”

அவள் போய் நனைத்து, பிழிந்து, கொண்டுவந்தாள். அன்றைக்கு எப்படித் துடைத்தாளோ அப்படியே செய்து காட்ட வேண்டும் என்று தாளாளர், மகள் குறிப்பு அடித்துக்கொண்டிருந்த அந்த மடிக்கணினியையே அவள் பக்கம் திருப்பினார். அவள் மகளைப் பார்த்தாள். பிறகு ஜூடுவைப் பார்த்தாள். மறுபடி தண்ணி படுமே சார் என்றாள். இது விசாரணை, இதில் தண்ணீர் பட்டால் அது சேதத்தில் சேராது என்று தாளாளர் அவளைத் தைரியப்படுத்தினார்.

தங்கப்பொண்ணு குனிந்தாள். துணியின் ஒரு முனையை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டாள். விசைகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு சந்திலும் விரலை நுழைத்து, இழுத்து, துணியைத் திருப்பி, அடுத்த சந்துக்குப் போனாள். சரண்யாதேவி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு வயதில் குளிப்பாட்டிவிட்டுத் துவட்டும்போது காது மடலின் ஒவ்வொரு மடிப்பாக அந்த விரல் வந்ததை அவளுக்கு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இப்போதும் அவள் காதில் அது குளிர்ந்தது. இத்தனை வருடங்களில் வேறு யாராவது தன்னை இவ்வளவு கவனமாகத் தொட்டிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வந்தது. இல்லை என்று தெரிந்தது. அந்தக் கவனம்தான் மேசைக்கு அந்தப் பக்கம் ஆதாரமாகிக்கொண்டிருந்தது.

“மத்த மேசையில எல்லாம் மேலாப்புலதான் தொடச்சிருக்கீங்க,” என்றார் தாளாளர். “நான் கைக்குட்டை வச்சுப் பாத்தேன். எச்.எம். மேசையிலயே தூசி இருந்துச்சு. இது மட்டும் ஏன் இப்படி?”

சரண்யாதேவி தனிக் கீபோர்டின் மேல் குனிந்துகொண்டாள்.

“எம்மக உக்காருற எடம் சார்,” என்றாள் தங்கப்பொண்ணு. “வேற என்னத்த நான் அவளுக்குச் செய்யப்போறேன்.”

தாளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். உறவினரின் மேசைக்குச் சலுகை காட்டப்பட்டது. பாரபட்சம். இது வெறும் ஈரம் சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று தான் நினைத்திருந்ததாகவும், விஷயம் இவ்வளவு ஆழமாகப் போகும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் வருத்தப்பட்டார். வழிகாட்டி நூலில் பாரபட்சத்துக்குத் தனி மதிப்பெண் இருக்கிறதா என்று அற்புதமேரி புரட்டிப் பார்த்தார். இருந்தது.

சரண்யாதேவி அடித்தாள். உறவினர். சலுகை. பாரபட்சம். ஒவ்வொரு சொல்லையும் அடித்து முடித்தபோது அது அவளை விட்டு விலகி வேறு யாருடைய அம்மாவைப் பற்றியோ ஆகிவிட்டது. அப்படி ஆவதை அவளே கவனித்தாள். இவ்வளவு லேசாகவா இது நடக்கிறது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

தேநீர் வேளை வந்தது. விசாரிக்கப்படுகிறவர் அறையை விட்டுப் போகக் கூடாது என்று நடைமுறை. ஆனால் தேநீர் போடுகிறவரும் அவர்தான். குழு சிறிது நேரம் கலந்து பேசி, விசாரணையை ஒத்திவைத்தது. தங்கப்பொண்ணு போய்த் தேநீர் போட்டு, தட்டில் கொண்டுவந்து, தாளாளருக்குச் சர்க்கரை இல்லாமலும் மற்றவர்களுக்குச் சர்க்கரையோடும் கொடுத்தாள். மகளுக்கு ஒரு டம்ளர் வைத்தாள், ஆறியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு. காலி டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, மேசை மேல் சிந்தியிருந்ததைத் துடைத்துவிட்டு, கதவோரம் போய் முன்பு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டாள். விசாரணை தொடர்ந்தது.

அப்போது ஜூடு தலையை நிமிர்த்தினார். சுற்றறிக்கையில் ஈரத்துணி என்றுதானே சார் போட்டிருந்தது என்றார்.

அற்புதமேரி அவரைப் பரிவாகப் பார்த்தார். “சுற்றறிக்கை எல்லாருக்கும் பொதுவா போடுறது ஜூடு சார். புத்தி அவங்கவங்களுக்கு இருக்கணும்ல.”

ஜூடு மறுபடியும் தரையைப் பார்த்தார்.

தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தான் கடினமானவன் அல்ல என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் விரும்பினார்.

“பாருங்கம்மா, நாங்க யாரையும் வேலைய விட்டு அனுப்பல. அந்தப் பழக்கமே இங்க கிடையாது. நீங்களா போறீங்க, நாங்க மனவருத்தத்தோட ஏத்துக்கிறோம். சால்வை போடுவோம். போட்டோ எடுப்போம். ஆண்டு விழாவுல உங்கள வழக்கம்போல மேடைக்குக் கூப்பிடுவோம், அதுல ஒரு மாற்றமும் இல்ல. உங்கள மாதிரி ஜனங்களுக்கு இந்த ஸ்கூல் எவ்வளவோ செஞ்சிருக்கு. அந்த ஸ்கூலுக்காக ஒரு சின்னத் தப்ப ஏத்துக்கிறது உங்களுக்கும் சந்தோஷமாத்தான இருக்கும்?”

தங்கப்பொண்ணு தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று சரண்யாதேவிக்குத் தோன்றவில்லை. மேடையில் நிற்கும்போதும் அம்மா இப்படித்தான் தலையாட்டுவாள்.

தாளாளர் கடைசி வாக்கியங்களைச் சொன்னார். சரண்யாதேவி அடித்துக்கொண்டே வந்தாள். ‘மின்சாதனங்களின் மீது ஈரத்துணியைப் பயன்படுத்தக் கூடாது என்று மேற்படி ஊழியருக்கு அலுவலக உதவியாளர் மூலம் முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டிருந்தது. அதை மீறிச் செயல்பட்டதை ஊழியர் ஒப்புக்கொண்டார்.’

‘மின்சாதனங்களின் மீது’ வரை அடித்துவிட்டு அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விட்டுப் போனதோ என்று நினைத்துத் தாளாளர் மறுபடி சொன்னார், இந்த முறை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. அவள் அடிக்கவில்லை. கீபோர்டு மறுபடி கெட்டுவிட்டதா என்று அற்புதமேரி ஜூடுவைப் பார்த்தார்.

“அதெல்லாம் நல்லா இருக்கு டீச்சர்,” என்றாள் சரண்யாதேவி.

“அப்புறம் என்ன?”

“அந்தச் சுற்றறிக்கைய வாசிச்சுக் காட்டினது நான்தான். சகலமும்னுதான் வாசிச்சேன். அம்மா திருப்பிக் கேட்டாங்க, அப்பவும் சகலமும்னுதான் சொன்னேன்.”

தாளாளர் அவளை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வளர்த்த பிள்ளையிடம் ஏமாந்த துக்கம்தான் இருந்தது. அவள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று பொதுவாகச் சொன்னார். பிறகு குரலை இறக்கி, அம்மாவின் பெயரை அடிப்பது சங்கடமாக இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம், பேனாவால் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

“பேருக்காக இல்ல சார். நடக்காதத என்னால அடிக்க முடியாது.”

அப்போது தங்கப்பொண்ணு கதவோரத்திலிருந்து வந்தாள். விசாரணையில் நிற்கிறவள் இடம் மாறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவள் மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, குழுவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“அடிச்சுக் குடுத்துரு தாயி. எனக்கென்ன, எங்கிட்டாச்சும் போய்ப் பொழச்சுக்கிருவேன். நடவு இல்லாட்டி களையெடுப்பு. நீ இந்த எடத்த விட்றாத. இதுக்குத்தான ஆத்தா இம்புட்டுப் பாடும்.”

சரண்யாதேவி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் அழுகை இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைத் திருத்துகிற அவசரம் மட்டும் இருந்தது. இவள் உண்மையாகவே இதை விரும்புகிறாள் என்று சரண்யாதேவிக்குப் புரிந்தது. தாளாளர் கேட்பதை மறுப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அவர் கேட்பது ஒரு வாக்கியம். அம்மா கேட்பது, என்னைத் துடைத்துப் போட்டுவிட்டு நீ உட்கார் என்று. இதுவரை அம்மா கேட்ட எதற்கும் அவள் இல்லை என்று சொன்னதில்லை. படி என்றாள், படித்தாள். இந்த வேலையில் சேர் என்றாள், சேர்ந்தாள். வெளியே எங்கோ மணி அடித்து, பிள்ளைகள் சத்தமில்லாமல் வகுப்பு மாறினார்கள். நடைபாதையில் கால் தேய்த்து நடக்கக் கூடாது என்பது புது விதி.

“அம்மா சொல்றத கேளு சரண்யா,” என்றார் அற்புதமேரி. “பெத்தவங்களுக்குத் தெரியாதா?”

தங்கப்பொண்ணுவின் கை மகளின் தோளில் இருந்தது. துணி நனைத்த ஈரம் இன்னும் அதில் இருந்தது. சரண்யாதேவி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

“மாட்டேம்மா,” என்றாள்.